தொட்டால் பேசுமா?

எங்கள் வீட்டில் ஒரு துடைப்பம் வாங்குவதற்குக்கூட மூன்று கொட்டேஷன் வேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மாமனார் பெரிய தொழிற்சாலை ஒன்றில் கொள்முதல் பிரிவுக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆணியிலிருந்து கொதிகலன் வரை எதுவும் அவர் கையெழுத்து இல்லாமல் அந்த வாசலைத் தாண்டியதில்லையாம். ஓய்வு பெற்ற மறுநாளே அந்தப் பிரிவை அப்படியே பெயர்த்து வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். எது வேண்டுமென்றாலும் மூன்று கடைகளில் விலை கேட்க வேண்டும். எதைவிட எது மேல் என்று எடுத்துச் சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு அத்தனையையும் கேட்டுவிட்டுக் கடைசியில், "பார்க்கலாம்" என்பார். அந்தச் சொல் வந்துவிட்டால் விஷயம் கிடப்பில் போடப்பட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வாழ வந்த புதிதில் நான் கேட்ட இஸ்திரிப் பெட்டி, எனக்கு முன்தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகுதான் வந்தது. அதுவும் நான் கேட்ட நிறம் இல்லை.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு காலையில் குளியலறையில் வாஷ்பேசினில் முகம் மோத விழுந்தார். பக்கவாதம். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போனது. முழுதாகப் போயிருந்தாலாவது பரவாயில்லை, ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. எந்தச் சொல் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"மாமா, தண்ணி வேணுமா?"

"பார்க்கலாம்."

"ஜன்னலைச் சாத்தவா?"

"பார்க்கலாம்."

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரிடம், "உங்க பேர் என்ன, சொல்லுங்க" என்று கேட்டதற்கும் அதுதான் பதில். டாக்டர் பாவம், இவர் கிண்டல் செய்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரம் ஒருமுறை ஒரு பெண் வீட்டுக்கு வருவாள். சின்ன வயது, ஆனால் வளவளவென்று பேசாத பெண். முதல் நாளே எங்களை உட்காரவைத்துப் புரியும்படி சொன்னாள்.

"மூளையில பேச்சு வர்ற இடம் அடிபட்டிருக்கு. ரொம்பப் பழகின ஒரு வார்த்தை மட்டும் தானா வந்து விழுது. அவர் சொல்ல நினைக்கிறது அது இல்ல. அதை அவரோட பதிலா எடுத்துக்காதீங்க. ஆனா நாம பேசறது பெரும்பாலும் அவருக்குப் புரியுது."

"இதுக்கு என்ன வழி?" என்று கேட்டார் என் கணவர்.

"ஒரு டேப், அதான் தொடுதிரை டேப்லெட், வாங்குங்க. அதுல நான் ஒரு ஆப் போட்டுத் தரேன். படத்தைத் தொட்டா அது பேசும். பெருசு வேண்டாம், இடது கையால அவரே எடுத்து வைக்கிற மாதிரி சின்னதா இருக்கணும். இருக்கறதுலயே விலை கம்மியானது போதும். ஆனா சீக்கிரம் வாங்குங்க. முதல் சில மாசம்தான் மூளை வேற வழி தேடிக்கிட்டு இருக்கும். அதுக்குள்ள ஒரு வழி காட்டணும். இல்லைன்னா அவரே முயற்சியை விட்டுடுவார். விட்டவங்களைத் திரும்ப இழுக்கறது ரொம்பக் கஷ்டம்."

இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? வேறு எந்த வீடாக இருந்தாலும் மறுநாள் சாயங்காலம் டேப் வந்து இறங்கியிருக்கும். எங்கள் வீட்டிலோ, "நான் பார்த்து முடிவு பண்றேன்" என்று என் கணவர் எழுந்தார். இது இப்போதைக்கு முடியாது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

என் கணவர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில், நஷ்டஈடு கேட்டு வருபவர்களுக்கு ஏன் கொடுக்க முடியாது என்று எழுதும் வேலையில் இருக்கிறார். எதிலும் ஓட்டை கண்டுபிடிக்கும் கை. அன்று முதல் சாப்பாட்டு மேசையில் போனைச் சாய்த்துவைத்து டேப் விமர்சன வீடியோக்களாகப் பார்க்கத் தொடங்கினார். அடேயப்பா, உலகத்தில் எத்தனை பேருக்கு வேறு வேலையே இல்லை! ஒருவன் பெட்டியைப் பிரிப்பதை மட்டுமே காபி ஆறும்வரை காட்டுகிறான். இன்னொருவன் திரையைச் சாவியால் சுரண்டுகிறான். எல்லோரும் கடைசியில் ஒரே மாதிரிதான் முடிக்கிறார்கள்: இது மோசமில்லை, ஆனால் கையில் இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால் இதற்கு அடுத்ததை வாங்குங்கள். இவரும் அடுத்ததைப் பார்ப்பார். அவன் அதற்கும் அடுத்ததை வாங்கச் சொல்வான். இப்படிப் படிப்படியாக ஏறி, ஒரு நல்ல லேப்டாப் விலைக்குப் போனதும் இவருக்கு மூச்சு வாங்கும். "இவ்வளவு கொடுத்து எதுக்கு?" என்று சொல்லிவிட்டு மறுபடி கீழிருந்து தொடங்குவார்.

"இதுல ரேம் கம்மி" என்பார் என்னிடம்.

"இருக்கட்டுமே."

"ரெண்டு வருஷத்துல ஸ்லோ ஆயிடும்."

"என்னங்க, ரெண்டு வருஷம் கழிச்சு வர்றதைப் பத்தி இப்ப என்ன?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. மலிவா வாங்கினா ரெண்டு தடவை வாங்கணும்."

நாத்தனார் வெளியூரில் இருந்தாள். வீடியோவில்தான் வருவாள், ஆனால் குரல் மட்டும் வீடு முழுக்க நிறையும். என் கணவருக்கு அக்கா. "டேய் தம்பி, அப்பாவுக்கு ஒரு தடவைதான் வாங்கப் போறோம். மட்டமானதை வாங்கி வைக்காதே. நாலு பேர் வந்து பார்த்தா என்ன நினைப்பாங்க? பெரிய திரையா, நல்ல கம்பெனியா பாரு" என்றாள்.

"அண்ணி, சின்னதா இருக்கணும்னு அந்தப் பொண்ணு சொல்லியிருக்கா" என்றேன்.

"அவ சொல்லுவா. வயசானவருக்குக் கண்ணு தெரிய வேண்டாமா? கண்ணாடிக் கடையில வேலை பாக்கறே, இது கூடத் தெரியாதா உனக்கு?"

வாயில் நன்றாக வந்தது. அடக்கிக்கொண்டேன். ஆமாம், நான் கண்ணாடிக் கடையில்தான் வேலை பார்க்கிறேன். அங்கே தினமும் இந்தக் கூத்தைத்தான் பார்க்கிறேன். ஒருவருக்குக் கண்ணாடி வாங்க வீடே திரண்டு வரும். இந்த ஃப்ரேம் எடுப்பாக இருக்கிறது, அது முகத்துக்கு அகலம் என்று ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு சண்டை போடுவார்கள். யார் மூக்கில் அது உட்காரப் போகிறதோ, அவர் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அத்தைக்கோ டேப்பே வேண்டாம். மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுகிறேன். "மெதுவா அவரே பேசிடுவாரும்மா. மிஷினை வாங்கிக் கையில கொடுத்துட்டா, இனிமே உன்னால பேச முடியாதுன்னு நாமளே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடும்" என்றார். மற்ற இருவரும் பேசியதெல்லாம் டேப்பைப் பற்றி. இவர் பேசியது புருஷனைப் பற்றி.

இதற்கிடையில் மாமா ஒரு காரியம் செய்யத் தொடங்கினார். யார் அறைக்குள் போனாலும் இடது கையால் தன் வாயைக் காட்டுவார். கன்னத்தில் தட்டுவார். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று குரல் ஏறும், கண் கலங்கும். ஆஸ்பத்திரியில் கொடுத்த பட அட்டை ஒன்று இருந்தது. அதில் தண்ணீர், சாப்பாடு, தூக்கம், கழிவறை என்று நாலே படம். அதை நீட்டினால் தட்டிவிடுவார்.

"பேச முடியலையேன்னு வாயைக் காட்டி அழறாரு" என்று அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

நாத்தனார் அதைத் திரையில் பார்த்துவிட்டுக் கேவிக் கேவி அழுதாள். மூக்கைச் சிந்தியதும், "இதுக்குத்தான் சொல்றேன், நல்ல கம்பெனியா வாங்குங்கன்னு" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் கணவர் முறைப்படி விஷயத்தை மாமாவின் அறைக்கே கொண்டுபோனார். மூன்று கொட்டேஷன் தயார். கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு ஒவ்வொன்றாக விளக்கினார். பேட்டரி, கேமரா, உத்தரவாதம், ஒன்றையும் விடவில்லை. பேச்சு இழந்த மனிதருக்கு எதற்கு இரண்டு கேமரா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு வீடியோ காட்டுவார். மாமா வாயைக் காட்டினார். கன்னத்தில் தட்டினார்.

"தெரியுதுப்பா. அதுக்குத்தானே வாங்கப் போறோம். இந்த மூணுல விலை கம்மியான சின்னதை வாங்கிடலாமா?"

"பார்க்கலாம்" என்றார் மாமா.

என் கணவர் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வெளியே வந்ததும், "பாத்தியா, அப்பாவுக்குத் திருப்தி இல்ல" என்றார்.

"என்னங்க நீங்க? அவருக்கு வர்ற வார்த்தையே அது ஒண்ணுதான். அந்தப் பொண்ணு படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சே!"

"சொல்லுச்சு. ஆனா எவ்வளவு சரியான இடத்துல சொல்றாரு பாரு. சின்ன வயசுலேருந்து கேக்கறேன், எனக்குத் தெரியாதா எங்கப்பா பேச்சு? இன்னும் கொஞ்சம் விசாரிக்கச் சொல்றாரு."

இந்தத் தவறை வேறு எந்தக் குடும்பமாவது செய்யுமா, சொல்லுங்கள். மூளை அடிபட்டு உளறும் சொல்லைத் தலைவர் உத்தரவு என்று எடுத்துக்கொண்டு மறுபடி விசாரிக்கக் கிளம்பிவிட்டார்கள். மாமா வேலையில் இருந்தபோதுகூட இவ்வளவு பயபக்தியோடு யாரும் அவர் பேச்சைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

மாமாவுக்குச் சாப்பாடு குறைந்துகொண்டே வந்தது. பாலில் ஊறவைத்த ரொட்டியை மட்டும் இரண்டு வாய் வாங்குவார். சூடாக எதைக் கொடுத்தாலும் தலையைத் திருப்பிக்கொள்வார். பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்குவது சிரமம் என்று சொல்லியிருந்ததால் நாங்களும் அதுதான் என்று இருந்துவிட்டோம். ஒருநாள் சூப்புக் கிண்ணத்தை எடுத்துச் சுவரில் அடித்தார். அதற்குப் பிறகு வாயைக் காட்டுவதையும் நிறுத்திவிட்டார். அடுத்த முறை பயிற்சிப் பெண் வந்தபோது சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "பார்க்கலாம்" கூட வரவில்லை.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டே, "டேப் வாங்கலையா?" என்று என்னிடம் கேட்டாள்.

"பாத்துக்கிட்டிருக்காங்க."

"அவர் விட ஆரம்பிச்சுட்டார்" என்றாள். சொல்லிவிட்டுப் படி இறங்கிவிட்டாள். திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் வேலை முடிந்து நேராக ஒரு போன் கடைக்குப் போனேன். யாரிடமும் கேட்கவில்லை. கண்ணாடி அலமாரியின் அடித்தட்டில், தூசி படிந்து, ஒரு சின்ன டேப் கிடந்தது. அதைக் காட்டி எடுக்கச் சொன்னேன். விற்பனைப் பையன் என்னை இரக்கத்தோடு பார்த்தான்.

"அக்கா, இது வேண்டாமே. கேம் எல்லாம் ஓடாது."

"கேம் விளையாட மாட்டாங்க."

"படம் பாத்தா அங்கங்க நிக்கும். கேமரா சுமார்தான். இன்னும் கொஞ்சம் போட்டீங்கன்னா அடுத்தது..."

"தம்பி, நிறுத்து" என்றேன். அவன் அரண்டு போய்விட்டான். எத்தனை நாள் கோபம், பாவம், அவன் தலையில் விடிந்தது. "படத்தைத் தொட்டா பேசற ஆப் ஒண்ணு இருக்கு. அது இதுல ஓடுமா?"

"அது ஓடும்க்கா. ஆனா கொஞ்சம் லேட்டாகும்."

"தொட்டா பேசுமா, பேசாதா?"

"பேசும்."

"பில் போடு."

வீட்டுக்கு வந்ததும் எதிர்பார்த்த திருவிழா நடந்தது. என் கணவர் டேப்பை விளக்கடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூணு கடை கேட்டியா?" என்றார். ஒரு கடைகூடக் கேட்கவில்லை, பார்த்தேன், வாங்கினேன் என்றேன். ஏதோ நான் வேலியைத் தாண்டிவிட்டதைப் போல அப்படியே உட்கார்ந்துவிட்டார். நாத்தனார் திரையில் உதட்டைச் சுழித்தாள். "பின்பக்கம் பிளாஸ்டிக்கா?" என்றாள். அத்தை மட்டும் அதைத் தொடவே இல்லை.

பயிற்சிப் பெண்ணுக்குப் போன் போட்டேன். தன் முறைநாள் வரைக்கும் காத்திருக்காமல் மறுநாள் சாயங்காலமே வந்தாள். ஆப்பைப் போட்டாள். ஆட்கள், உடம்பு, சாப்பாடு, மனசு என்று பக்கம் பக்கமாகப் படங்கள். மாமாவை நிமிர்த்தி உட்காரவைத்து, டேப்பை மடியில் வைத்து, அவர் விரலைப் பிடித்து எப்படி என்று காட்டினாள். மாமா வெகு நேரம் அதையே பார்த்தார். நாங்கள் சுற்றி நின்றோம். நாத்தனார் என் கணவர் கையிலிருந்த போனில் நின்றாள்.

மாமா விரலை எடுத்து ஒரு பக்கத்தைத் தள்ளினார். பிறகு இன்னொன்று. ஒரு படத்தைத் தொட்டார். ஒன்றும் வரவில்லை. மறுபடி தொட்டார்.

"பாத்தியா, லேக் ஆகுது" என்று கிசுகிசுத்தார் என் கணவர்.

டேப் ஒரு பெண் குரலில் பேசியது. "பல். பல்."

மாமாவின் விரல் பக்கத்துப் படத்துக்குப் போனது.

"வலி."

பயிற்சிப் பெண் சட்டென்று தன் போனின் டார்ச்சைப் போட்டு, "வாயைத் திறங்க ஐயா" என்றாள். மாமா திறந்தார். அவள் குனிந்து பார்த்து, என்னையும் கூப்பிட்டுக் காட்டினாள். பின்பல் ஒன்று இரண்டாகப் பிளந்திருந்தது. குளியலறையில் விழுந்தபோது உடைந்திருக்க வேண்டும். ஈறு வீங்கிக் கருத்துக் கிடந்தது. அத்தனை நாளும் அந்த வலியோடு அவர் எங்கள் ஒவ்வொருவரிடமும் வாயைச் சுட்டிச் சுட்டிக் காட்டியிருக்கிறார். நாங்கள் ஒவ்வொருவரும் அதைப் பார்த்து உருகி, எந்தக் கம்பெனி வாங்கலாம் என்று பேசியிருக்கிறோம். வீட்டில் எல்லோர் போனிலும் டார்ச் இருந்தது. என்னுடையதிலும் இருந்தது.

அத்தை, "ஐயோ, நான் சூடாக் கொடுத்தேனே" என்று வாயைப் பொத்திக்கொண்டார். போனில் நாத்தனார் அப்படியே நின்றுபோயிருந்தாள். இணைப்பு விட்டுப்போனதா, அவளே அசையவில்லையா என்று தெரியவில்லை. என் கணவர் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார். எனக்கு அவரைப் பார்க்கவும் பிடிக்கவில்லை, பாவமாகவும் இருந்தது.

டாக்டரிடம் கேட்டு, ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரைகளை மாற்றி, பல்லைப் பிடுங்கினோம். வீக்கம் வடிந்ததும் மாமா தட்டில் போட்டதையெல்லாம் சாப்பிட்டார். டேப்பும் பழகிவிட்டது. விளக்கு, ஜன்னல், போர்வை என்று காலையிலிருந்து வேலை வாங்கத் தொடங்கினார். அது மெதுவாகத்தான் பேசியது. அவரும் மெதுவாகத்தான் தொட்டார். இரண்டுக்கும் பொருத்தம் சரியாக இருந்தது.

நாத்தனார் லீவு போட்டுவிட்டு நேரிலேயே வந்தாள். வந்ததும் அப்பா காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகை உண்மை, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து போனைத் தூக்கிவிட்டாள்.

"அப்பா, எங்க எல்லாருக்கும் ஏதாவது சொல்லுங்கப்பா. சொந்தக்காரங்களுக்கு அனுப்பணும்."

எல்லோரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தோம். என் கணவர் தலையை வாரிக்கொண்டு வந்திருந்தார். நன்றி என்று ஒரு படம் அதில் இருந்தது. அதைத்தான் தொடப் போகிறார் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு, எனக்கும்தான். வாங்கியது நான் இல்லையா?

மாமா பக்கங்களைத் தள்ளினார். தொட்டார்.

"எல்லாரும்" என்றது டேப்.

"சொல்லுங்கப்பா, சொல்லுங்க" என்றாள் நாத்தனார்.

"வெளியே."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"போ."

மரியாதையாகச் சொல்ல அந்த மிஷினுக்குத் தெரியாது. மாமா என்னை ஒருநாளும் வெறும் "போ" என்று சொன்னதில்லை, "போம்மா" என்றுதான் சொல்வார். இருந்தாலும் எழுந்தோம். அத்தையும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மாமா இடது கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த கையை விடாமல் டேப்பைத் தொட முடியவில்லை. கொஞ்ச நேரம் தவித்துவிட்டு, கையை விட்டு, அவசர அவசரமாகத் தொட்டார்.

"நீ. இரு."

அத்தை உட்கார்ந்தார். நாங்கள் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். நாத்தனார் போனைக் கீழே இறக்கினாள். கதவுக்குப் பக்கத்தில் மூவரும் நின்றோம். ஒட்டுக் கேட்க வேண்டும் என்றில்லை, எங்கே போவது என்று தெரியவில்லை. உள்ளேயிருந்து டேப்பின் பெண் குரல் கதவையும் தாண்டிக் கணீரென்று கேட்டது.

"பயம்."

என் கணவர் நிமிர்ந்தார்.

"ராத்திரி. பயம்."

ஆயிரம் பேர் நடுங்கிய அலுவலகத்தில் தலைவராக இருந்தவர். பிள்ளைகள் இரண்டும் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டதே இல்லை. வாய் நன்றாக இருந்த காலத்தில் அவர் அதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார் என்று தோன்றியது எனக்கு.

"எனக்கும்தாங்க" என்றது அத்தையின் குரல். "மூச்சு ஓடுதான்னு உங்க மூஞ்சியையே பாத்துக்கிட்டுக் கிடக்கறேன். நீங்க தூங்கறீங்கன்னு நெனச்சு எழுப்பாம இருந்தேன். நீங்களும் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தீங்களா?"

நாத்தனார் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் கணவர் கண்ணைத் துடைத்தார். மூக்கை உறிஞ்சினார். என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"அதுல சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சு வைக்கணும். அவங்க பேசறது அவங்களுக்கு மட்டும் கேட்டாப் போதும்."

அந்த டேப்பைப் பற்றி இத்தனை நாளில் அவர் சொன்ன உருப்படியான கருத்து அது ஒன்றுதான்.